காட்ஸில்லா கட்சி மாறிய கதை

காட்ஸில்லா பிறவி வில்லன். 1954 மார்ச் 1ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா வெடித்துப் பார்த்த ஹைட்ரஜன் குண்டின் கதிரியக்கச் சாம்பல், சூரை மீன் பிடிக்கப் போயிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் 23 பேர் மீதும் படிந்தது. ஒருவர் செப்டம்பரில் இறந்தார். நவம்பர் 3ஆம் தேதி காட்ஸில்லாவின் முதல் படமான, தோஹோ நிறுவனத்தின் 'கோஜிரா' திரைக்கு வந்தது. கொரில்லாவையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் 'குஜிரா'வையும் ஒட்டிச் செய்த பெயர் அது. குண்டுச் சோதனை கிளப்பிவிட்ட 50 மீட்டர் உயர விலங்கு டோக்கியோவைக் கொளுத்துகிறது. தப்ப வழியில்லாத ஒரு தாய், சீக்கிரமே அப்பாவிடம் போய்விடலாம் என்று பிள்ளைகளை அணைத்துக்கொள்கிறாள். இயக்குநர் இஷிரோ ஹோண்டா, போரிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்ணால் கண்டவர். படத்தில் விளையாட்டுத்தனம் துளியும் இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்த படத்திலேயே, 1955இல், காட்ஸில்லாவுக்கு ஒரு எதிரி வந்தது. 1962இல் கிங் காங்கோடு மோதல். இரண்டு மிருகங்கள் மல்லுக்கட்டினால் பார்ப்பவர் ஏதாவது ஒரு பக்கம் சாயத்தானே செய்வார்!

திருப்பம் 1964இல் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் வெளியான படத்தில்கூட அந்துப்பூச்சித் தெய்வமான மோத்ராவின் முட்டையை அழிக்க வரும் வில்லன்தான் காட்ஸில்லா. டிசம்பர் படத்தில், விண்வெளியிலிருந்து கிதோரா என்ற மூன்று தலை நாகம் வருகிறது. சேர்ந்து சண்டையிடலாம் என்று காட்ஸில்லாவையும் ரோடான் என்ற இன்னொரு மிருகத்தையும் மோத்ரா அழைக்கிறது. மனிதர்கள் நம்மை வதைத்தவர்கள், அவர்களை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று காட்ஸில்லா மறுக்கிறது. நியாயமான கேள்விதான். பிறகு மோத்ரா தனியாகப் போய் அடிபடுவதைப் பார்த்துத்தான் களமிறங்குகிறது. ஆக, அது திருந்தவில்லை. அதைவிடப் பெரிய வில்லன் வந்துவிட்டான், அவ்வளவே.

மீதியை வியாபாரம் செய்தது. ஜப்பானில் 1958இல் 112 கோடியைத் தாண்டியிருந்த திரையரங்க டிக்கெட் விற்பனை, தொலைக்காட்சி பரவியதும் சரிந்து 1972இல் 20 கோடிக்கும் கீழே போனது. தொடர்ந்து வந்த கூட்டம் சிறுவர்கள். 1967இல் காட்ஸில்லாவுக்கு மினில்லா என்றொரு பிள்ளையைக் கொடுத்தார்கள். 1969 படத்திலோ, தனிமையில் வாடும் ஒரு சிறுவன் கனவில் மினில்லாவோடு பழகித் தைரியம் கற்கிறான். ரப்பர் உடையின் முகமும் ஆண்டுக்கு ஆண்டு சாந்தமானது. 1954இல் பிள்ளைகளை அழவைத்தது, 15 ஆண்டுகளில் அவர்களுக்குத் தோழனாகிவிட்டது.

1971இல் தொழிற்சாலைக் கழிவில் வளர்ந்த ஹெடோரா என்ற சேற்று அரக்கனோடு அது மோதியது. அணுகுண்டின் குழந்தையே சுற்றுச்சூழல் காவலனானது வேடிக்கைதான். ஆனாலும் ஊரே புகையில் மூச்சுத்திணறிய காலத்தில் அந்த எதிரி யாருக்கும் அந்நியமாகத் தெரியவில்லை.

கூட்டம் மேலும் குறைந்ததால் 1975க்குப் பின் படங்கள் நின்றன. 1984இல் திரும்பி வந்தபோது தோஹோ அதை மறுபடி வில்லனாக்கியது. இன்று இரண்டு வேடமும் அருகருகே ஓடுகின்றன. போரில் நொந்த ஜப்பானை அது மிதித்துத் துவைக்கும் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' 2024 மார்ச்சில் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது பெற்றது. அதே மாதம் ஹாலிவுட் வெளியிட்ட படத்தில் அது காங்கோடு தோள்சேர்ந்து உலகைக் காப்பாற்றியது.