குழம்புக்கா, தண்ணிக்கா?

தூண்டிலைப் போடுவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள், தம்பி. மாட்டுகிற மீன் குழம்புக்கா, தண்ணிக்கா? பிடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உரச்சாக்கில் போட்டு வைத்தால் இரண்டுக்கும் ஆகாது. கொளவாய் ஏரிக்கரையில் நீயே பார்த்திருப்பாய், சாக்கு வெயிலில் கிடந்து துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளத் துள்ள தசையிலுள்ள சத்து தீர்ந்து அமிலம் ஏறும். அப்படிச் செத்த மீன் சீக்கிரம் விறைத்து, சீக்கிரமே சதை குழைந்துவிடும். வீட்டுக்கு என்றால் கரையேற்றியதும் தலையில் ஓங்கி ஓர் அடி, செவுளை அறுத்து ரத்தத்தை வடியவிட்டு, ஐஸில் வை. மீனுக்கும் வதை குறையும், சாப்பிடுகிறவருக்கும் ருசி கெடாது. அந்தப் பக்கம் இவ்வளவுதான் விஷயம்.

திரும்ப விடுவதுதான் கஷ்டம். ‘விட்டேன், நீந்திப் போய்விட்டது’ என்பார்கள். நீந்திப் போனது பிழைத்ததற்குச் சாட்சியல்ல. உன் கண் மறைந்த பிறகு, ஆழத்தில் மறுநாள் கூடச் சாகலாம்.

காரணம் சொல்கிறேன், டீயைக் குடி, ஆறுகிறது. முள் மாட்டிய மீன் ஓடும் ஓட்டம், நாம் நாய் துரத்தி ஓடுகிற ஓட்டம் மாதிரி. மூச்சு போதாமல் தசையில் லாக்டிக் அமிலம் சேரும். அதைத் தீர்க்க மீனுக்கு நிறைய ஆக்சிஜன் வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் நாம் அதைத் தூக்கிப் பிடித்து செல்போனைத் தேடுகிறோம். தண்ணீரில் விரிந்து நிற்கும் செவுள் இதழ்கள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சே ஓடாது. போதாக்குறைக்கு நம் ஊர் வெயில். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். மீனின் உடம்பும் தண்ணீரோடு சேர்ந்து சூடாவதால் தேவை ஏறும், இருப்பு இறங்கும். மே மாத மத்தியானத்தில் பிடித்து விடுகிற விளையாட்டே வேண்டாம் என்பேன்.

ஐரோப்பிய ஆறுகளில் பார்பெல் என்று ஒரு மீன் உண்டு. கெண்டைக் குடும்பம், வாயோரம் நான்கு மீசை. விடாமல் போராடும் சாதி. கோடையில் போராடி முடித்ததும் விட்டால் அப்படியே மல்லாந்துவிடும். அதனால் அங்கே தூண்டில்காரர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வயிற்றுக்கடியில் கை கொடுத்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்திருப்பார்கள். அதுவாக வாலை அடித்துக் கையைத் தள்ளிக்கொண்டு போகும்வரை விடமாட்டார்கள். ஏரியில் நீரோட்டம் இல்லையே என்று முன்னும் பின்னும் ஆட்டாதே. பின்னால் இழுத்தால் செவுளில் தண்ணீர் தலைகீழாகப் போகும். நிமிர்த்திப் பிடித்துக் காத்திரு, போதும்.

கையை நனைத்துக்கொண்டு தொடு. மீன்மேல் இருக்கும் வழவழப்புதான் அதற்குக் காப்பு. காய்ந்த கையிலும் துண்டிலும் மணலிலும் அது உரிந்து போனால் பூஞ்சை பிடிக்கும். செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்காதே. முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டால், தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றிவிடலாம். முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கியிருந்தால் பிடுங்காதே, தூண்டில் நரம்பை வாயோடு ஒட்ட நறுக்கிவிடு.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பாய். காவிரியைப் பார். பார்பெல்லுக்குச் சொந்தக்காரனான மஹ்சீர் அங்கே உண்டு, அதே நான்கு மீசையோடு. அதில் திமில் வைத்த மஹ்சீர் காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் மட்டுமே உரியது. 1946-இல் கபினியில் மைசூர்க்காரர் வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. பின்னாளில் கர்நாடகப் பக்கத்து முகாம்களில் பிடித்து, எழுதி வைத்து, விட்டுவிடும் வழக்கம் வந்தது. கலிபோரே முகாமின் 1998 முதல் 2012 வரையிலான பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் பிறகு அலசினார்கள். மொத்தத்தில் மஹ்சீர் கூடியிருந்தது. திமில் மஹ்சீர் தேய்ந்திருந்தது. கூடியதெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர். 2018-இல்தான் திமில் மஹ்சீரின் அறிவியல் பெயர் டார் ரெமாதேவி என்று உறுதியானது, அதே ஆண்டு மிக அருகிய இனப் பட்டியலிலும் சேர்ந்தது. நீலகிரிப் பக்கம் மோயாற்றில் இன்னும் இருக்கிறது. தூண்டில்காரர்கள் நோட்டில் எழுதி வைக்காமல் போயிருந்தால் அது குறைந்த கதை யாருக்குத் தெரிந்திருக்கும்? இதற்கிடையே, அந்த முகாம் இருந்த சரணாலயத்துக்குள் தூண்டில் விளையாட்டு தடை செய்யப்பட்டது. தாங்கள் போனதும் காவல் ஆளும் போய் வெடிக்காரர்களுக்கு வசதியாகிவிட்டது என்பது தூண்டில்காரர்களின் வாதம். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. இத்தனைக்கும் வெடி வைத்து மீன் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் 1897-இலேயே வந்தது.

நம் கரையில் மஹ்சீர் இல்லை, கொடுவா இருக்கிறது. முட்டுக்காட்டுக் கழியிலும் பாலாற்று முகத்துவாரத்திலும் ஏறும். முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணை இருக்கிறதே, அங்கே 1997-இல் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தார்கள். கொடுவா ஆணாகத்தான் முதிரும். சில வருஷம் கழித்து, உடம்பு பெருத்த பிறகு பெண்ணாக மாறும். ஆகவே நாலைந்து கிலோவுக்கு மேலே மாட்டுகிற பெரிய கொடுவா பெரும்பாலும் தாய். அதை விடு, நடுத்தரத்தை வீட்டுக்கு எடுத்துப் போ. பெரிசைப் பிடித்ததைச் சொல்லிக்கொள்ள ஒரு படம் வேண்டுமானால், மீன் தண்ணீரில் இருக்கும்போதே எடு.

ஜிலேபி மாட்டினால் மட்டும் இந்தக் கதை எதுவும் வேண்டாம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிக் கெண்டையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பாவம் பார்க்காதே, மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டு முறுகலாக வறுக்கச் சொல்.