ஒரு லிட்டர் பெட்ரோலின் கணக்கு

பெட்ரோல் விலையைப் பற்றிய பேச்சு எழாத சங்கக் கூட்டமே இல்லை எனலாம். பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுவோரும், கரும்பும் மஞ்சளும் மரவள்ளியும் பயிரிடும் விவசாயிகளும், காவிரிப் பாலத்தைத் தினம் இருமுறை கடந்து ஈரோட்டிற்குச் சென்று திரும்பும் தொழிலாளரும் கூறும் குறை ஒன்றே. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஏறினால் இங்கும் ஏறுகிறது. அங்கு இறங்கினால் இங்கு இறங்குவதில்லை என்பதே அது. இக்குறை நியாயமானதா, நியாயமெனில் அதற்குக் காரணம் யாது, யாரிடம் எதைக் கேட்பது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வது நலம். விலை ஏறிய அன்று பலரும் பெட்ரோல் பங்கில் நிற்கும் ஊழியரிடமோ பங்க் உரிமையாளரிடமோ சினம் கொள்கின்றனர். அது இடம் தவறிய சினம். பங்க் நடத்துபவருக்குக் கிடைப்பது ஒரு லிட்டருக்குச் சில ரூபாய் கமிஷன் மாத்திரமே. விலையை நிர்ணயிப்பவர் அவர் அல்லர்.

விலை நிர்ணயமாகும் முறை

முற்காலத்தில் பெட்ரோல், டீசல் விலையை மத்திய அரசாங்கமே நிர்ணயித்து வந்தது. 2010 ஜூன் மாதத்தில் பெட்ரோலுக்கும், 2014 அக்டோபர் மாதத்தில் டீசலுக்கும் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் எண்ணெய்க் கம்பெனிகள் நாள்தோறும் விலையை மாற்றிக் கொள்ளலாம் என்ற ஏற்பாடு நாடெங்கும் அமலுக்கு வந்தது. சந்தை விலை எப்படியோ அப்படியே நம் விலையும் என்பது இதன் கருத்து.

ஆயினும் நடைமுறை வேறாக இருந்தது. 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 21 வரை நான்கரை மாத காலம் விலை அசையவே இல்லை. அக்காலத்தில் ஐந்து மாநிலங்களில் தேர்தல் நடைபெற்றது. அதன் பின்னர் பதினாறு நாட்களுக்குள் பதினான்கு முறை ஏறி, லிட்டருக்கு ஏறக்குறைய 10 ரூபாய் கூடிற்று. நாள்தோறும் மாறும் விலை என்பது மாத்திரம் நம் குழப்பத்தைத் தீர்க்கவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

ஒரு லிட்டரைப் பிரித்துப் பார்ப்போம்

எந்தக் கணக்கையும் தலைப்பு வாரியாகப் பிரித்தால்தான் உண்மை விளங்கும். 2022 மே மாத இறுதியில் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசுக்கு விற்றது. அதனை எடுத்துக் கொள்வோம். நம் பகுதியில் இது சிறிது வேறுபடும். விகிதங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆனால் கணக்கிடும் வழி இதுவே.

மத்திய அரசாங்கத்தின் கலால் வரி: 19 ரூபாய் 90 காசு.
மாநில அரசாங்கத்தின் மதிப்புக் கூட்டு வரி: ஏறத்தாழ 22 ரூபாய்.
பங்க் உரிமையாளரின் கமிஷன்: 4 ரூபாய்க்குள்.
கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, சரக்குக் கட்டணம் முதலியவற்றிற்காகக் கம்பெனிக்குச் சேர்வது: ஏறத்தாழ 57 ரூபாய்.

இரு வரிகளும் சேர்ந்து 42 ரூபாய் ஆகின்றன. அதாவது நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் அதில் நாற்பது ரூபாய்க்கு மேல் வரி. டீசலுக்கும் இவ்வாறே கணக்கிடலாம். அதே சமயத்தில் சென்னையில் லிட்டர் 94 ரூபாய் 24 காசுக்கு விற்ற டீசலில் மத்திய வரி 15 ரூபாய் 80 காசு. மாநில வரி ஏறத்தாழ 18 ரூபாய். ஆக 34 ரூபாய்.

இவ்விரு வரிகளும் இயல்பில் வேறுபட்டவை. மத்திய வரி லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையாக விதிக்கப்படுவது. கச்சா எண்ணெய் பாதி விலைக்கு இறங்கினாலும் அது ஒரு காசும் குறையாது. தமிழ்நாட்டின் வரி இருவகையும் கலந்தது. 2020 மே மாதத்தில் பெட்ரோலுக்கு 34 சதவிகிதம் என்றிருந்த வரி, 15 சதவிகிதமும் லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசும் என மாற்றப்பட்டது. 2021 ஆகஸ்ட் மாத வரவு செலவுத் திட்டத்தில் அது 13 சதவிகிதமும் 11 ரூபாய் 52 காசும் எனக் குறைக்கப்பட்டு, லிட்டருக்கு 3 ரூபாய் இறங்கியது. இதனால் மாநிலத்திற்கு ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் குறையும் என அப்போது மதிப்பிடப்பட்டது. மாநில வரியின் சதவிகிதப் பகுதி, மத்திய வரியையும் உள்ளடக்கிய விலையின் மீது கணக்கிடப்படுகிறது. எனவே 19 ரூபாய் 90 காசு வரியின் மீது மேலும் இரண்டரை ரூபாய்க்குச் சற்று அதிகமாக வரி விழுகிறது. வரிக்கு வரி என்பது இதுவே.

விலை ஏன் இறங்கவில்லை?

அங்கத்தினர்களின் குறை நியாயமானதே என்பதை இனி வரும் எண்கள் காட்டும். 2014 ஏப்ரலில் பெட்ரோலின் மீது மத்திய வரி லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசு. டீசலின் மீது 3 ரூபாய் 56 காசு. அவ்வாண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரியத் தொடங்கிற்று. 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை ஒன்பது முறை வரி உயர்த்தப்பட்டு, பெட்ரோலில் 11 ரூபாய் 77 காசும், டீசலில் 13 ரூபாய் 47 காசும் கூடின. இறங்கிய விலையின் பெரும்பகுதி வரியாக மாறிற்று.

2020ஆம் ஆண்டில் கொரோனா நோயினால் உலகமே முடங்கியபோது, ஏப்ரல் மாதத்தில் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 20 டாலர் அளவிற்கு வீழ்ந்தது. அவ்வாண்டு மார்ச்சில் இரண்டிற்கும் 3 ரூபாயும், மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி உயர்ந்தன. வண்டிகள் ஓடாத அந்த ஆண்டில்தான் எண்ணெயின் மீதான மத்திய கலால் வருவாய், முந்தைய ஆண்டின் 2.23 லட்சம் கோடி ரூபாயிலிருந்து 3.72 லட்சம் கோடி ரூபாயாக உயர்ந்தது.

வரி குறைந்த காலமும் உண்டு என்பதை மறைத்தல் முறையன்று. 2021 நவம்பரில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும், 2022 மே மாதத்தில் முறையே 8 ரூபாயும் 6 ரூபாயும் மத்திய அரசாங்கம் குறைத்தது. பின்னர் 2025 ஏப்ரலில், கச்சா எண்ணெய் விலை சரிந்துகொண்டிருந்த வேளையில், இரண்டிற்கும் 2 ரூபாய் உயர்த்தப்பட்டது. அவ்வுயர்வைக் கம்பெனிகளே ஏற்றதால் பங்கில் விலை கூடவில்லை. ஆனால் இறங்கியிருக்கக்கூடிய 2 ரூபாய் இறங்கவும் இல்லை. விலைப்பலகையில் மாற்றமில்லாததால் பலர் இதனைக் கவனிக்கவே இல்லை.

வசூலாகும் வரி எங்கே போகிறது?

பெட்ரோல் வரியின் தொடக்கம் சாலைக்காகவே. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம் 1919ஆம் ஆண்டில் காலனுக்கு ஒரு சென்ட் என வரி விதித்துச் சாலை அமைத்தது. நம் நாட்டில் ஜெயகர் கமிட்டியின் சிபார்சின்படி 1929ஆம் ஆண்டில் காலனுக்கு இரண்டணா கூடுதல் வரி விதித்து மத்திய சாலை நிதி ஏற்படுத்தப்பட்டது. வண்டி ஓட்டுபவர் சாலைக்குப் பணம் தருவது என்ற ஏற்பாட்டில் யாருக்கும் பெரிய ஆட்சேபம் இருக்க நியாயமில்லை.

நிற்க. 2021 பிப்ரவரியில் பெட்ரோலின் மீதிருந்த மத்திய வரி 32 ரூபாய் 90 காசு. அதில் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மாத்திரமே. சிறப்புக் கூடுதல் கலால் வரி 11 ரூபாய், சாலை மற்றும் உள்கட்டமைப்புக்கான செஸ் 18 ரூபாய், விவசாய உள்கட்டமைப்புக்கான செஸ் 2 ரூபாய் 50 காசு என மற்றவை அமைந்தன. நிதிக் கமிஷனின் சிபார்சின்படி மாநிலங்களுக்கு 41 சதவிகிதம் பகிர்ந்தளிக்க வேண்டியது அந்த 1 ரூபாய் 40 காசிலிருந்துதான். ஏனையவற்றில் மாநிலங்களுக்குப் பங்கு இல்லை. கணக்கிட்டால், லிட்டருக்கு 32 ரூபாய் 90 காசு வசூலில் தமிழ்நாட்டின் பங்காக வந்தது இரண்டரைக் காசுக்கும் குறைவு.

ஒரு குறிப்பிட்ட காரியத்திற்காகத் திரட்டும் நிதியை அக்காரியத்திற்கே செலவிட வேண்டும் என்பது கூட்டுறவாளர் யாவரும் அறிந்த விதி. நம் சங்கங்களில் சேமநிதியையும் கல்வி நிதியையும் வேறு தலைப்பில் காட்டினால் தணிக்கையில் ஆட்சேபம் எழும். செஸ் வரிகளுக்கும் அத்தகைய தணிக்கை நடந்தது. 2018-19ஆம் ஆண்டில் எண்ணெய் உள்ளிட்ட பல இனங்களில் 35 வகைச் செஸ்களாகவும் இதர வரிகளாகவும் வசூலான 2,74,592 கோடி ரூபாயில், உரிய நிதிகளுக்கு மாற்றப்பட்டது 1,64,322 கோடி மாத்திரமே என இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை தெரிவித்தது.

நம் அங்கத்தினருக்கு இதில் நேரும் நஷ்டம்

தறிக்கூடத்தில் இரவு ஷிப்டு முடியும் நேரத்தில் டவுன் பஸ் இராது. ஆதலின் மொபெட் வைத்திருப்பது தொழிலாளிக்கு ஆடம்பரம் அன்று. மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டி, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கிடைப்பதாகக் கொண்டால் 12 லிட்டர் வேண்டும். மேலே கண்ட விலைப்படி செலவு 1,230 ரூபாய். அதில் வரி 500 ரூபாய். மீட்டருக்கு இத்தனை காசு எனக் கூலி பெறுபவர் இந்த 500 ரூபாயை ஈட்ட எத்தனை மீட்டர் நெய்ய வேண்டும் என்பதை அவரவரே கணக்கிட்டுக் கொள்ளலாம். பெட்ரோல் ஏறிய மறுநாள் நெசவுக் கூலி ஏறுவதில்லை.

விவசாயிக்கு உழவு ஓட்டும் டிராக்டர் மணிக்கு 5 லிட்டர் டீசல் குடிப்பதாக வைத்துக் கொண்டால், ஒரு மணி உழவில் 170 ரூபாய் வரி. அது வாடகையில் சேர்ந்து அவர் தலையில் விழுகிறது.

சரக்குப் போக்குவரத்தில் இன்னொரு இடர் உண்டு. 2017 ஜூலை 1 முதல் அமலான ஜி.எஸ்.டி.யில் பெட்ரோலும் டீசலும் சேர்க்கப்படவில்லை. நூலுக்குச் செலுத்திய ஜி.எஸ்.டி.யைத் துணிக்குரிய ஜி.எஸ்.டி.யில் பதிவு பெற்றவர்கள் கழித்துக் கொள்ளலாம். டீசலுக்குச் செலுத்திய வரியை அவ்வாறு கழிக்க வழியில்லை. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரி நம் ஊரிலிருந்து சென்னைக்கு 400 கிலோமீட்டர் சென்றால் 3,400 ரூபாய் வரி. ஒரு துண்டிற்கு இது சில காசுகளே. ஆனால் மில்லிலிருந்து நூல், சைசிங்கிலிருந்து பாவு, தறியிலிருந்து கிரே துணி, சாயப் பட்டறையிலிருந்து சரக்கு என ஒவ்வொரு நகர்விலும் அது சேர்கிறது. ஓரிடத்திலும் திரும்பி வருவதில்லை.

இதனால்தான் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டார லாரி உரிமையாளர்களின் மனக்கசப்பை நாம் வேறொருவர் பிரச்சனை என்று ஒதுக்க முடியாது. 2018 ஜூலை 20 முதல் 27 வரை நாடு தழுவிய லாரி வேலைநிறுத்தம் நடந்தபோது, டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொணர்வதும் விலையை மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாத்திரம் மாற்றுவதும் கோரிக்கைகளில் இடம் பெற்றன. அதே ஆண்டு நவம்பர் 17 அன்று பிரான்ஸ் தேசத்தில் டீசல் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் அங்கி அணிந்தோர் சாலை மறித்தனர். பஸ் வசதி குறைந்த சிற்றூர்களில் வாழ்வோர் அவர்களுள் பலர். டிசம்பரில் அந்த அரசாங்கம் அவ்வுயர்வைக் கைவிட்டது. வேறு போக்குவரத்து இல்லாதவர் மீதே இவ்வரி அதிகம் அழுத்துகிறது என்பது அங்கும் இங்கும் பொருந்தும்.

மறுபக்கமும் உண்டு

எண்ணெய் வரியே கூடாது என்பது நம் வாதமன்று. நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. விலை மிக மலிந்தால் வீண்செலவு பெருகும். ஜி.எஸ்.டி. வந்தபின் மாநிலங்கள் தாமே விகிதம் நிர்ணயிக்கக்கூடிய பெரிய வரிகள் எண்ணெயும் மதுவுமாகச் சுருங்கிவிட்டன. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், எண்ணெயைச் சேர்க்க இது தருணமன்று என முடிவு செய்ததற்கும் இவ்வருவாயே காரணம். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சாலையும் வரிப்பணத்தில்தான் நடக்கின்றன.

செய்யத்தக்கவை

ஆதலின் வெறுமனே விலையைக் குறை என்று கூறுவதைவிடக் குறிப்பான கோரிக்கைகளே பயன் தரும். முதலாவது, பங்க் ரசீதில் வரி தனியே காட்டப்பட வேண்டும். நம் சங்கம் ஒரு துண்டு விற்றாலும் பில்லில் ஜி.எஸ்.டி. தனி வரிசையில் நிற்கிறது. பெட்ரோல் ரசீதிலோ அளவும் விகிதமும் தொகையும் தவிர வேறில்லை. தெரியாமல் செலுத்தும் வரியைப் பற்றிக் கேள்வி கேட்க யாராலும் இயலாது. இரண்டாவது, சரக்கு ஏற்றும் வண்டிகளின் டீசல் வரியைக் கழித்துக் கொள்ள வழி செய்தல். மூன்றாவது, செஸ் வசூலும் செலவும் ஆண்டுதோறும் மக்களுக்கு விளங்கும் வகையில் வெளியிடப்படல். இவற்றைச் சங்க மகாசபையில் தீர்மானமாக நிறைவேற்றி, சட்டசபை உறுப்பினருக்கும் பாராளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பலாம்.

நம் கையிலேயே உள்ள காரியங்களும் உண்டு. ஐந்து அங்கத்தினர் ஐந்து வேனில் தனித்தனியே பேல் அனுப்புவதைவிட, சங்கத்தின் பொறுப்பில் ஒரே வண்டியில் அனுப்பினால் வாடகையும் குறையும், வரியும் குறையும். போக்குவரத்துச் செலவை அடக்க விலையில் தனித் தலைப்பில் எழுதி வைத்தால், கூலிப் பேச்சிலும் துணி விலைப் பேச்சிலும் அதனை ஆதாரமாகக் காட்டலாம். அடுத்த மாதம் ஒவ்வொருவரும் பெட்ரோல், டீசல் ரசீதுகளைக் கிழித்தெறியாமல் சேர்த்து வைத்து, மொத்த லிட்டரைக் குறித்து வருமாறு கேட்டுக் கொள்கிறோம். சங்கத்தின் மொத்த லிட்டர் இவ்வளவு, அதில் நாம் செலுத்திய வரி இவ்வளவு என்ற கணக்கு கையில் இருந்தால், தீர்மானத்தின் கீழே அதையும் எழுதி அனுப்பலாம்.