நாட்களின் தொடர் எண்

1947 ஆகஸ்ட் 15-க்கும் 1950 ஜனவரி 26-க்கும் இடையே எத்தனை நாட்கள் சென்றன என்று கேட்டால், நாம் விரல் முட்டிகளில் முப்பதும் முப்பத்தொன்றுமாக மாதங்களை எண்ணி, நடுவில் வந்த 1948 லீப் வருஷம் என்பதையும் ஞாபகத்தில் வைத்து, சிறிது பிரயாசையுடன் 895 என்று சொல்லிவிடுவோம். வருஷத்துக்கு 365, மாதத்துக்கு 30 என்று பெருக்கிக் கழிக்கும்படி கணினிக்கு நிரல் எழுதினாலோ, அது 896 என்னும். ஒரே நாள்தான் பிசகு. ஆயினும், ஏறக்குறைய சரியாகத் தோன்றுவதனாலேயே இந்தத் தவறு நெடுங்காலம் கண்ணில் படாமல் கிடக்கும்.

ஆகவே தேர்ந்த நிரலாளர் தேதியிலிருந்து தேதியைக் கழிப்பதில்லை. ஓர் ஆதி நாளை வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வொரு தேதியும் எத்தனையாவது நாள் என்று கண்டு, அவ்விரு எண்களைக் கழிக்கிறார். யூனிக்ஸ் கணினிகளுக்கு ஆதி நாள் 1970 ஜனவரி 1. கணினி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் பஞ்சாங்கக் கணிதர்கள், கி.மு. 3102-இல் கலியுகம் பிறந்ததாகக் கொண்ட நாள் முதல் எண்ணிவந்த அஹர்கணம் என்பதும் இதுவே. கிரகங்களின் நிலையைக் கணிக்குமுன் அவர்கள் அந்த நாட்தொகையைத்தான் முதலில் கண்டார்கள்.

தொடர் எண்ணைக் காண்பதில் இடைஞ்சல் செய்வது பிப்ரவரி. இதற்கு ஓர் அழகான யுக்தி உண்டு: பண்டை ரோமானியரைப் போல வருஷத்தை மார்ச்சில் தொடங்கிவிட்டால், கூடுதல் நாள் வருஷத்தின் கடைசியில் போய் ஒதுங்கிவிடுகிறது, எஞ்சிய மாதங்களும் ஐந்துக்கு 153 நாள் என்ற ஒழுங்கில் அமைகின்றன. மார்ச்சுக்குப் பின் எத்தனையாவது மாதமோ அந்த எண்ணை 153-ஆல் பெருக்கி, 2 கூட்டி, 5-ஆல் வகுத்து, மீதியைத் தள்ளினால், அம்மாதம் பிறக்குமுன் கழிந்த நாட்கள் கிடைக்கும். ஆகஸ்ட் ஐந்தாவது, 767-ஐ 5-ஆல் வகுக்க 153, ஆகஸ்ட் 15 என்பது 168-ஆவது நாள். ஜனவரி பத்தாவது, அவ்வாறே 306, எனவே ஜனவரி 26 என்பது 1949 மார்ச்சில் தொடங்கிய வருஷத்தின் 332-ஆவது நாள். இடைப்பட்ட இரண்டு மார்ச் வருஷங்களுக்கு 731. அதனோடு 332-ஐக் கூட்டி 168-ஐக் கழிக்க, 895.

இன்னும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. திங்கள் முதல் புதன் வரை விடுப்பில் இருந்தவருக்குக் கழித்தல் இரண்டு நாள் என்று சொல்லும். அலுவலகப் பதிவேட்டில் மூன்று நாள் விழும். விடுப்புக் கணக்குக்கு நிரல் எழுதுகிறவர் கடைசியில் ஒன்றைக் கூட்டிவிட வேண்டும்.