நடக்க மனம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

"ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ, அம்மா." மனநலக் கிளினிக்கில் வைத்தியர் இப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. "நடந்து நடந்துதானே டொக்டர் இப்பிடி ஆனனான்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

2009 ஜனவரி முதல் மே வரை தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நடந்தவள் நான். தம்பியை அந்த வழியில்தான் இழந்தேன். நடை என்றால் எனக்குத் தோளில் மூட்டையும் பின்னால் விழும் செல்லும்தான்.

மனச்சோர்வு எனக்கு உடனே வரவில்லை. முகாமிலிருந்து திரும்பி, கொட்டில் போட்டு, பிறகு வீடும் கட்டி, பிள்ளைகள் வளர்ந்த பிறகே வந்தது. கை கால் உளைவு, தலைப்பாரம், நெஞ்சை அடைப்பதுபோல ஒரு உணர்வு. இரத்தம் சோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். எங்கள் சனத்தில் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பின் நோவாகத்தான் முதலில் வெளியே வரும். அதனால் பலர் அதை மனச்சோர்வு என்று அறியாமலே வருடக்கணக்காகக் குளிசை போடுகிறார்கள்.

இரண்டாம் முறை போனபோது வைத்தியர் விளக்கமாகச் சொன்னார். வழக்கமாக நாங்கள் ஆசைப்பட்டு ஒரு வேலையைச் செய்கிறோம். மனச்சோர்வு அந்த ஆசையைத்தான் முதலில் பிடுங்கிவிடுகிறது. "மனம் வந்தால் நடப்பம்" என்று படுத்திருந்தால் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஆனால் படுத்திருப்பவருக்கு வெயிலும் இல்லை, பேச ஆளும் இல்லை, ஒரு வேலையை முடித்த திருப்தியும் இல்லை. அதனால் மனம் இன்னும் சோரும், இன்னும் படுக்கச் சொல்லும். இந்த வட்டத்தை வெட்டுவதற்கு ஒரு வழி, மனம் வராமலே சிறிய ஒரு செயலைத் தொடங்குவது. மனம் பின்னால் வரும்.

இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. அமெரிக்க உளவியலாளர் பீற்றர் லெவின்சன் 1970களிலேயே இந்த வழியில் சிகிச்சை செய்தார். 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், செயல்களைத் திட்டமிட்டுச் செய்விக்கும் பகுதி தனியாகவே, எண்ணங்களை மாற்றும் முழுச் சிகிச்சைக்கு நிகரான பலன் தந்தது.

நான் தொடங்கியது அரை மணித்தியாலத்தில் அல்ல. படலைவரை போய் வருவதுதான் முதல் கிழமைக் கணக்கு. அடுத்த கிழமை ஒழுங்கை முடக்கு. பிறகு சந்திக் கடை. அங்கே ஒரு றாத்தல் பாண் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். வேலையில்லாமல் தனியாக நடக்கிற பெண்ணை ஊர் ஒருமாதிரிப் பார்க்கும். கையில் பை இருந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். வீட்டிலும் பாண் தேவை. "உடற்பயிற்சி" என்று நினைத்திருந்தால் நான் ஒருநாளும் எழும்பியிருக்க மாட்டேன்.

எனக்கு உதவிய வேறு சில விடயங்கள்:

நேரத்தை முதல்நாள் இரவே முடிவு செய்து, செருப்பையும் பையையும் கதவடியில் வைத்தேன். காலையில் யோசிக்க இடம் கொடுத்தால் மனச்சோர்வுதான் வெல்லும்.

போக முன்னும் வந்த பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று கலண்டரில் எழுதினேன். இரண்டு மூன்றாவது பெரிய மாற்றமில்லைத்தான். ஆனால் "ஒன்றும் உதவாது" என்று மனம் சொல்லும்போது காட்ட ஒரு கணக்கு இருந்தது.

பக்கத்து வளவு அக்காவைச் சேர்த்துக்கொண்டேன். அவவும் கணவரை இழந்தவ. ஒருவர் வாசலில் நிற்கிறார் என்றால் மற்றவர் எழும்பத்தான் வேண்டும். பிரித்தானியாவின் தேசிய மருத்துவ வழிகாட்டியும் 2022இல், கடுமையில்லாத மனச்சோர்வுக்குக் குழுவாகச் செய்யும் உடற்பயிற்சியை ஒரு சிகிச்சைத் தெரிவாகச் சேர்த்துள்ளது.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிறிதளவு செய்வதும் ஒன்றும் செய்யாததைவிட மேல் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது.

எங்களைப் போன்றவர்களுக்குச் சில அவதானங்களும் உண்டு. வேகமாக நடந்து நெஞ்சு படபடத்தால், உடம்பு அதை அந்த நாட்களின் பயம் என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அப்படி நடந்தது. நின்று, கால் நிலத்தில் படுவதைக் கவனித்து, கண்ணில் படுகிற ஐந்து பொருட்களின் பெயரைச் சொன்னேன், அடங்கியது. உடம்பில் செல் துண்டு உள்ளவர்கள், செயற்கைக்கால் போட்டவர்கள், இருதய நோய் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடக்க முடியாதவர்கள் கதிரையில் இருந்தே கைகளை உயர்த்தித் தாழ்த்தலாம். நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். உயிரை விடும் எண்ணம் வந்தால், நடையை நம்பி இருக்காமல் உடனே ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்நேரமும் அழைக்கலாம்.

நடை என் தம்பியைத் திருப்பித் தரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பதில் தரவும் மாட்டாது. எங்கள் துயரத்துக்குக் காரணம் எங்கள் மூளை மட்டும் அல்ல; அதை வெறும் நோய் என்று மூடிவிடவும் கூடாது. ஆனால் பதில் கேட்டு நிற்கவும் உடம்பில் தெம்பு வேண்டும்.

கடந்த மே மாதமும் மூன்று நாள் எழும்பாமல் கிடந்தேன். நான்காம் நாள் அக்கா வந்து, "பாண் முடியப்போகுது, வாரும்" என்று கூப்பிட்டா. அன்றைக்குக் கடைவரை போக முடியவில்லை. படலைவரை போனேன். கலண்டரில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.