கதவுக்குள் ஒரு முட்டி

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. போர் காரணமாக உலர் பற்றரியும் அரசின் தடைப் பொருட்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, சில்லில் உரசும் டைனமோ தரும் ஆறு வோல்ற்றில் மற்றவர்கள் செய்தியும் பாட்டும் கேட்டோம். பழுதான றேடியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரை வெறுமனே மேசையில் வைத்தால் கீச்சுக் குரலில்தான் பாடும். அதையே ஒரு மண்முட்டியின் வாயில் பொருத்தி வைத்தால் தவில் தவிலாகக் கேட்கும். ஸ்பீக்கர் அதே, டைனமோவும் அதே. கூடுதலாக வந்தது முட்டி மட்டும்.

இன்று வீட்டு முற்றத்தில் காரை நிறுத்திவிட்டு, கதவைக் கழற்றிப் புது ஸ்பீக்கர் பூட்டும் இளைஞர்கள் பலர் மறப்பது அந்த முட்டியைத்தான். விலை கூடிய ஸ்பீக்கரை வாங்கி, பழைய பிளாஸ்டிக் தாங்கியிலேயே முறுக்கிவிடுகிறார்கள். பிறகு, "காசு போனதுதான் மிச்சம்" என்கிறார்கள்.

முட்டி என்ன செய்தது? ஸ்பீக்கரின் கூம்பு முன்னே நகரும்போது முன்னாலுள்ள காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்னாலுள்ள காற்று ஐதாகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான அலைகள். இடையில் தடுப்பு இல்லையென்றால் பின்னலை கூம்பின் விளிம்பைச் சுற்றி வந்து முன்னலையை அழித்துவிடும். செக்கனுக்கு 100 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீற்றர். ஆறங்குலக் கூம்பு அதற்கு ஒரு தடையே அல்ல. செக்கனுக்கு 5000 அதிர்வுள்ள ஒலிக்கோ அலைநீளம் ஏழு சென்ரிமீற்றர்தான். அது இலகுவில் சுற்றி வராது. ஆகவே தவில் அழிந்து, கீச்சு மட்டும் மிஞ்சுகிறது. முட்டி பின்னலையைச் சிறை வைத்தது. அதுதான் அது செய்த வேலை.

இன்று நாம் பயன்படுத்தும் சுருள்-கூம்பு ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலொக் என்ற இருவர் 1925இல் வெளியிட்டார்கள். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியதும் அதே ஆண்டு டிசம்பரில்தான். அன்றிலிருந்து ஸ்பீக்கர் எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனால் முன்னலையையும் பின்னலையையும் பிரித்து வைக்க ஒரு பலகை வேண்டும் என்ற விதி மாறவில்லை.

கார்க் கதவு என்பது ஓட்டை விழுந்த முட்டி. வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு. இரண்டும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பு. உள்தகட்டில் கண்ணாடி ஏற்றும் பொறியைப் பூட்டக் கை போகும் அளவுக்குத் துவாரங்கள் இருக்கும். அவற்றின் வழியே பின்னலை தப்பி வந்துவிடும். போதாக்குறைக்கு, கூம்பு முன்னே உதைக்கும்போது அதன் சட்டகம் பின்னே உதைபடுகிறது. மெல்லிய தகடும் பிளாஸ்டிக் தாங்கியும் அந்த உதையில் கூடவே ஆடும். கூம்புக்குப் போகவேண்டிய சக்தி கதவை நடுங்கவைப்பதில் வீணாகிறது.

வளையம் செய்வது

இதற்கு மருந்து, ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே தடித்த ஒரு பலகை வளையம். வெளிநாட்டுக் கையேடுகள் எம்.டி.எஃப். பலகையைச் சொல்லும். குடாநாட்டில் அது வேண்டாம். கண்ணாடியோடு வழிந்து இறங்கும் மழைநீர் எந்தக் கதவுக்குள்ளும் போகும். அதனால்தான் கதவின் அடியில் வடிகால் துளைகள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறை நனைந்தால் எம்.டி.எஃப். ஊறிய றஸ்க்காகிவிடும். தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவூட்டில் 18 மில்லிமீற்றர் துண்டு எடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் சமையலறையில் மரக்கறி வெட்டும் தடித்த பிளாஸ்டிக் பலகை நன்றாகவே வேலை செய்யும்.

முதலில் காரின் பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள். கதவின் உள் அட்டையை எடுத்தபின், கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிய நிலையில் அதற்கும் உள்தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். ஸ்பீக்கரின் காந்தம் அதைவிட ஆழமாகப் போனால் கண்ணாடி வந்து முட்டும். வளையத்தின் தடிப்பு அந்த ஆழத்தில் 18 மில்லிமீற்றரை மிச்சப்படுத்தித் தரும். ஆனால் வளையம் வெளியே தள்ளுவதால் அட்டை திரும்ப உட்காருகிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

பிறகு காட்போட் மட்டையில் அச்சு வெட்டிக் கதவில் வைத்துச் சரிபாருங்கள். அந்த அச்சைப் பலகையில் வரைந்து ஜிக்ஸோவால் அறுத்து, அரத்தால் தேய்த்து, எல்லாப் பக்கமும் பெயின்ற் பூசுங்கள். தண்ணீர் ஏறுவது பலகையின் அறுத்த விளிம்பு வழியாகத்தான். அதற்கு இரண்டு பூச்சுக் கூடுதலாகக் கொடுங்கள். வளையத்தைத் தகட்டுடன் பூட்ட மர ஆணி போதாது. மறைகொண்ட போல்ற்றும் நட்டும் வேண்டும். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் நல்லது. தகட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிய றப்பர்ப் பட்டி வையுங்கள்.

உள்தகட்டின் பெரிய துவாரங்களை மெல்லிய அலுமினியத் தகடு வெட்டி மூடி, அதன்மேல் தார்போன்ற பியூற்றைல் ஒட்டுப்பாயை அழுத்தி ஒட்டுங்கள். வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். கதவு உள்ளிருந்தே உக்கிப்போகும். பக்கவாட்டுக் காற்றுப்பைகள் உள்ள புதிய கார்களில் அவற்றின் வயரையோ உணரிகளையோ தொடவே கூடாது. அந்த வேலையை அறிந்தவரிடம் விடுங்கள்.

கடைசிச் சோதனைக்கு ஒன்றரை வோல்ற் பற்றரி ஒன்று போதும். ஒரு காலத்தில் ஊருக்குள் வரவிடாமல் தடுத்த அதே பற்றரி. அதன் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்முனையிலும் எதிர்முனையை எதிர்முனையிலும் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே துள்ளவேண்டும். இரு கதவுகளில் ஒன்று மாறித் துள்ளினால், இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அழிக்கும். எவ்வளவு கூட்டினாலும் தவில் கேட்காது.

படகுக்காரரின் பாடம்

கதவில் இடமில்லை, காலடிப் பக்கத்தில் சரிவாகப் பூட்டவேண்டும் என்றால் பலகை வளையாது. அப்போது பைபர் வேண்டும். இதற்குக் குடாநாட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியுடன் உருவான சீநோர் நிறுவனத்தின் பைபர் படகுத்தளம் காரைநகரில்தான் இருந்தது. இன்று கரையோரம் எங்கும் நிற்கும் பைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் கைகள் ஊர்தோறும் உண்டு.

வேலை அதே வேலைதான். காரின் உட்பகுதியை ஒட்டுநாடாவாலும் அலுமினியத் தாளாலும் மூடி, அதன்மேல் பைபர் பாய் வைத்து றெசின் பூசினால் அந்த வளைவுக்கே பொருந்தும் அடித்தட்டு கிடைக்கும். காய்ந்ததும் அதை வெளியே எடுத்து, ஸ்பீக்கர் வளையத்தை வேண்டிய சரிவில் குச்சிகளால் நிறுத்தி, இழுபடும் துணியைச் சுற்றி இழுத்து ஒட்டி, அதற்கும் றெசின் கொடுங்கள். துணி இறுகியதும் உள்ளிருந்து இரண்டு மூன்று பாய் அடுக்குகள். பிறகு தேய்ப்பு, பெயின்ற்.

பொலியெஸ்ரர் றெசினுக்கு ஹார்டனர் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு. சூடு கூடக்கூட அது விரைவாக இறுகும். எங்கள் ஊர் நண்பகலில் கோப்பைக்குள்ளேயே கல்லாகிவிடும். காலை நேரத்தில், சிறிது சிறிதாகக் கலந்து, திறந்த வெளியில் செய்யுங்கள். ஹார்டனர் ஒரு துளி பட்டாலும் கண்ணைக் கெடுக்கும். கண்ணாடியும் கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

ஏ-40 வைத்திருப்பவர்களுக்கு

தடைக்காலத்தில் இரண்டு சொட்டுப் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் இன்னும் நம் வீதிகளில் உண்டு. அவற்றின் கதவில் ஸ்பீக்கருக்கென்று இடம் இல்லை. அதற்காகத் தகட்டை வெட்டாதீர்கள். வெட்டிய கதவுக்கு மாற்றுக் கதவு தேடுவது இலேசல்ல. பின்கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டின் அளவுக்கு ஒரு பிளைவூட் பலகை செய்து, அதில் ஸ்பீக்கரைப் பூட்டி வையுங்கள். பின்னாலுள்ள சாமான் பெட்டியே முட்டியாகிவிடும். வேண்டாதபோது பலகையைக் கழற்றினால் கார் பழையபடி இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை: 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார் றேடியோ செற்றுகளோ எதிர்முனை உடலோடு இருப்பதாக எண்ணிச் செய்யப்பட்டவை. பார்க்காமல் பூட்டினால் செற் புகைந்துபோகும்.

எல்லாம் முடிந்ததும் கதவுகளைச் சாத்தி, பாட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்து நில்லுங்கள். கதவில் உள்ளங்கையை வையுங்கள். தகடு அதிர்ந்தால் வளையம் இன்னும் இறுகவில்லை, திரும்பக் கழற்றுங்கள். தகடு சும்மா இருந்தால் உள்ளே போய் அமருங்கள், வேலை முடிந்தது.