விலை கொடுத்தும் சொந்தமாகாத விளையாட்டுகள்

மயிலாப்பூர் லஸ் பகுதியின் பழைய புத்தகக் கடைகளில் நான் வாங்கிய நூல்கள் எல்லாம் முன்பு வேறொருவருக்குச் சொந்தமாக இருந்தவை. அவர் விற்கவும் நான் வாங்கவும் பதிப்பாளரின் அனுமதி தேவைப்படவில்லை. விற்பனையாகிப் புழக்கத்துக்கு வந்துவிட்ட புத்தகப் பிரதியைக் கைமாற்றுவதைப் பதிப்புரிமைச் சட்டம் தடுப்பதில்லை. வட்டில் வந்த வீடியோ கேம்களும் ரிச்சி தெருவில் வாங்கப்பட்டு, விளையாடி முடித்தபின் நண்பர்களிடம் இப்படித்தான் கைமாறின.

இன்று அடையாற்றிலோ தியாகராய நகரிலோ வசிக்கும் ஒரு மாணவர், பெற்றோர் தந்த நாலைந்தாயிரம் ரூபாயைச் செலுத்தி இணையத்தில் ஒரு கேமை வாங்குகிறார். ‘வாங்கு’ என்ற பொத்தானைத்தான் அழுத்துகிறார். ஆனால், அவருக்குக் கிடைப்பது பயன்பாட்டு உரிமம் மட்டுமே. அதை விற்க முடியாது. இரவல் தர முடியாது. நிறுவனம் நினைத்தால் திரும்பப் பெறவும் முடியும் என்பது அவர் படிக்காமல் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் இருக்கிறது.

இந்த அச்சம் கற்பனையானதல்ல. யுபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. தனியாக விளையாடவும் இணைய இணைப்பு கட்டாயம் என்பதால், வட்டு வைத்திருந்தவர்களாலும் அதை விளையாட முடியாமல் போனது. இதையொட்டி எழுந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் ஐரோப்பிய ஒன்றிய மனு, 2025இல் பத்து லட்சம் கையெழுத்துகளைக் கடந்தது. உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு ‘வாங்கு’ என்று சொல்லும் நிறுவனம் அந்த உண்மையைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது.

நம் நாட்டில் நிலை என்ன? கடையில் விற்கப்படும் மென்பொருள் ‘சரக்கு’தான் என்று டாடா கன்சல்டன்சி வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மென்பொருள் சரக்கே என்றாலும், ஒரு பரிவர்த்தனை விற்பனையா சேவையா என்பது அதன் தன்மையைப் பொறுத்தது என 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. இரண்டும் வரி தொடர்பான வழக்குகள். வாங்கியவரின் உரிமை அவற்றில் கேள்வியாக எழவில்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சரக்கு, சேவை இரண்டுக்கும் பொருந்துவதால், இந்த விவாதத்தில் வென்றுதான் நுகர்வோர் நீதி கேட்க வேண்டும் என்பதில்லை. நியாயமான காரணமின்றி ஒருதலைப்பட்சமாக ஒப்பந்தத்தை முறிக்க இடமளிப்பதை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று அச்சட்டத்தின் 2(46)ஆம் பிரிவு வரையறுக்கிறது. சிக்கல், கதவைத் தட்டும் இடத்தில் இருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்தம் குறித்த புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க இயலாது. மாநில ஆணையத்துக்குத்தான் செல்ல வேண்டும். ஐந்தாயிரம் ரூபாய் இழப்புக்காக எத்தனை பேர் அந்தப் படியேறுவார்கள்?

எந்த நிறுவனமும் காலமெல்லாம் சர்வர்களை இயக்க முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், மாற்றுவழி இல்லை என்பதை ஏற்க முடியாது. எதிர்ப்புக்குப் பிறகு, அத்தொடரின் அடுத்த இரு கேம்களுக்கு இணையமின்றி விளையாடும் வசதி தரப்படும் என்று யுபிசாஃப்ட் நிறுவனமே அறிவித்தது.

இணைய வணிகத்தில் நுகர்வோரைத் திசைதிருப்பும் உத்திகளுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. உரிமத்தை விற்பனை போலக் காட்டுவதையும் அந்தப் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். கேமை நிறுத்தும் நிறுவனம், இணையமின்றி இயங்கும் வடிவத்தைத் தர வேண்டும். இயலாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். சிறு தொகைக்கான இத்தகைய புகார்களை மாவட்ட ஆணையங்களே விசாரிக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும். இன்று கேமுக்கு நேர்வது, நாளை நாம் பணம் கொடுத்துச் சேர்த்த மின்னூல்களுக்கும் திரைப்படங்களுக்கும் நேரலாம்.