தைராய்டு மாத்திரை எடை குறைக்கும் மாத்திரை அல்ல

 

தைராய்டு குறைவுள்ள சகோதரிகள் பலரும் நம்மிடம் சொல்லும் குறை ஒன்றுதான்: "மாத்திரை சாப்பிட்டும் உடம்பு குறையவில்லை." இதனால் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், சிலர் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டுமே ஆபத்து.

இந்தக் குறைவால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான். அதிலும் பெரும்பகுதி உடலில் தங்கும் உப்பும் நீரும். மாத்திரை அதைத்தான் சரிசெய்யும். மற்ற எடைக்குச் சாப்பாட்டின் அளவும் நடையும்தான் வழி. நாள் முழுதும் உட்கார்ந்து பாய் நெய்பவர்கள் அஸருக்குப் பின் அரை மணி நேரம் நடக்கலாம். விருந்து பிரியாணியைப் பாதியாக்கலாம். டீயில் சர்க்கரையைக் குறைக்கலாம்.

மாத்திரை அளவு மீறினால் நெஞ்சு படபடக்கும், நாளடைவில் எலும்பு தேயும். நிறுத்தினால் சோர்வும் வீக்கமும் திரும்பும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுப் பிள்ளையும் பாதிக்கப்படும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே டீயும் நாஷ்டாவும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். ரமலானில் ஸஹருக்கு அரை மணி முன்போ, இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்தோ போடலாம். எது பொருந்தும் என்று நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். பரிசோதனை அவசியம்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவோம், இன்ஷா அல்லாஹ்.